உறைமண் காத்த செடி

வடகிழக்கு சைபீரியாவின் கோலிமா நதிக்கரையில், கோடையிலும் உருகாத நிரந்தர உறைமண்ணுக்குள் 38 மீட்டர் ஆழத்தில், ஆதிகாலத்து நில அணில்கள் தங்கள் வளைகளில் சேமித்து வைத்திருந்த கனிகளை ரஷ்ய விஞ்ஞானிகள் கண்டெடுத்தார்கள். அவற்றைக் காய்த்த சைலீன் ஸ்டெனோஃபில்லா என்ற தூந்திரச் செடி இன்றும் அப்பிரதேசத்தில் வளர்வதுதான். ஆனால் அக்கனிகளின் வயதோ ஏறக்குறைய 32,000 வருஷம்! மாமத யானைகளே மறைந்தொழிந்த பூமியில், சின்னஞ்சிறு செடியொன்றின் ஜீவனைக் கடுங்குளிரே சேதமின்றிப் பாதுகாத்தது என்பதை எண்ணுந்தோறும் என் நெஞ்சம் ஆச்சரியத்தில் ஆழ்கிறது. முதிராக் கனிகளுக்குள் விதைகள் ஒட்டியிருக்கும் திசுவை எடுத்துச் சோதனைச்சாலையில் போஷித்து, வேர்விடச் செய்து, மண்ணில் நட்டபோது, அச்செடிகள் வெண்ணிறப் பூக்களைத் தாங்கி நின்றன என்றும், மகரந்தச் சேர்க்கைக்குப் பின் அவை ஈன்ற விதைகளும் செவ்வனே முளைத்தன என்றும் 2012-இல் அவர்கள் அறிவித்தார்கள்.