வராத செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் பேசியது)



பத்தாம் வகுப்பில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "பேப்பர்ல, டி.வி.யில வர்றதெல்லாம் உண்மைதானே டீச்சர்?" என்று ஒரு பொண்ணு கேட்டாள். "வந்தது உண்மையான்னு பார்க்கணும். வராமப் போனது எதுன்னும் பார்க்கணும்" என்றேன். அவள் விடவில்லை. "வராததை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றாள். அவளுக்குச் சொன்ன நடந்த கதையை உங்களுக்கும் சொல்றேன்.

அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் தலைநகர் ஜாக்சன். அங்கே டபிள்யூ.எல்.பி.டி. என்று ஒரு டி.வி. நிலையம். அந்தப் பகுதியில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் கறுப்பின மக்கள். ஆனால் அவர்கள் பக்க நியாயம் அதில் வராது. 1955-ல் துர்குட் மார்ஷல் என்ற கறுப்பின வழக்கறிஞரின் பேட்டி வந்தபோது, பாதியில் நிறுத்தி, "மன்னிக்கவும், கேபிள் கோளாறு" என்று போர்டு போட்டுவிட்டார்கள். கேபிள் நல்லாத்தான் இருந்தது!

1964 மார்ச்சில் எவரெட் பார்க்கர் என்ற போதகர் ஓர் ஏற்பாடு செய்தார். உள்ளூர் ஆட்கள் சிலர் வீட்டிலேயே உட்கார்ந்து, வெளியே தெரியாமல், ஒரு வாரம் அந்த நிலையத்தைப் பார்த்தார்கள். யார் வந்தார்கள், யார் பேசினார்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்புகள்தான் சாட்சி. "டி.வி. பார்ப்பவர்களுக்கு இதில் வழக்காட உரிமை இல்லை" என்றது அரசு ஆணையம். உரிமை உண்டு என்று 1966-ல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1969-ல் நிலையத்தின் உரிமமே போனது. 1972-ல் வில்லியம் டில்டே என்ற கறுப்பினத்தவர் அங்கே பொது மேலாளராக வந்தார்.

கதையைக் கேட்ட பிள்ளைகள் தாங்களும் ஒரு வாரம் பேப்பர் பார்த்து நோட்டில் எழுதினார்கள். மூன்றே கேள்விதான். படத்தில் யார்? பேசியது யார்? யாரைக் கேட்கவே இல்லை? அந்தப் பொண்ணு ஒரு தண்ணீர்ப் பஞ்சச் செய்தியைக் கொண்டு வந்தாள். படம் முழுக்கக் குடம் தூக்கிய பெண்கள். செய்தியில் பேசியவர்களில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. "எங்க அம்மாதான் டீச்சர் தினமும் தண்ணி எடுக்குது. அதை யாருமே கேக்கலையே" என்றாள்.

எழுதி வைத்தால்தான் கணக்கு என்று நமக்குத் தெரியும். குழுவில் தீர்மான நோட்டு அதற்குத்தானே? இன்றைக்கு ராத்திரி செய்தி பார்க்கும்போது உங்க பிள்ளைகளிடம் அந்த மூன்று கேள்வியைக் கேளுங்க. பதிலை எழுதச் சொல்லுங்க. எழுத்துத் தெரியாத அம்மாவும் கேள்வி கேட்கலாம்.