சும்மா கிடக்கும் கணினி, சும்மா கிடைக்காத மின்சாரம்

வீட்டுக் கணினி காலை முதல் இரவு வரை இயங்கிக்கொண்டிருந்தாலும், கடிதம் தட்டச்சுச் செய்யவும் யூடியூப் பார்க்கவும் அதன் பலத்தில் ஒரு சிறு பங்கே போதும். மீதியை விஞ்ஞான, மருத்துவ ஆராய்ச்சிகளுக்குக் கொடுத்துதவும் வழக்கம் உலகில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறது. 1999 மே மாதம் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 'செட்டி அட் ஹோம்' என்ற திட்டத்தைத் தொடங்கி, வேற்றுலக உயிர்களின் வானொலிச் சமிக்ஞையைத் தேட ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தது. 2020 மார்ச்சில் புதிய வேலை கொடுப்பதை நிறுத்தியது. சமிக்ஞை எதுவும் அகப்படவில்லை. ஆனால் அதை நடத்திய குழு உருவாக்கிய 'போயின்க்' என்ற மென்பொருளில்தான் பின்னால் வந்த பல மருத்துவத் திட்டங்கள் ஓடின. கல்முனை உள்ளிட்ட நம் கிழக்கிலங்கைக் கரையோரத்துக்கு இந்த வழக்கம் பொருந்துமா? பொருந்தும், ஆனால் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ஏன் என்று சொல்கிறேன்.

வேலை நடக்கும் விதம் எளிதானது. ஆராய்ச்சி நிலையம் தன் பெரிய கணக்கைச் சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கிறது. உங்கள் கணினி ஒரு பொதியை இணையம் வழியாக இறக்கி, கணக்கை முடித்து, விடையைத் திருப்பி அனுப்பும். தவணைக்குள் விடை போய்ச் சேராவிட்டால் அதே பொதி வேறொருவருக்குப் போய்விடும். பல திட்டங்களில் ஒரே பொதி முன்பின் தெரியாத இரண்டு பேருக்குக் கொடுக்கப்படும். ஒருவர் மட்டக்களப்பில் இருக்கலாம், மற்றவர் போலந்தில் இருக்கலாம். இரண்டு விடையும் ஒத்துப்போனால்தான் ஏற்றுக்கொள்வார்கள். யாரோ ஒருவரின் பழுதான கணினியை நம்பி மருந்தாராய்ச்சி செய்வதா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

பலன் என்ன கண்டார்கள்? 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பயந்து உலகம் வீட்டுக்குள் அடைபட்டபோது, 'ஃபோல்டிங் அட் ஹோம்' திட்டத்தில் சில பத்தாயிரமாக இருந்த கணினிகள் சில வாரங்களில் பத்து இலட்சத்தைத் தாண்டின. அவற்றின் கூட்டு வேகம் விநாடிக்கு ஒன்றின் பின்னால் பதினெட்டுப் பூச்சியம் போட்ட அளவு கணக்குகளைக் கடந்தது. அன்று உலகில் எந்தத் தனி மீக்கணினிக்கும் அந்த வேகம் இல்லை. வைரசின் முள்போன்ற புரதம் எப்படித் திறந்துகொள்கிறது என்பதை அந்தக் கணக்குகள் காட்டின. அதற்கு முன்பே, ஐ.பி.எம். நிறுவனம் 2004இல் தொடங்கிய 'உலக சமூக கிரிட்' ஊடாக, ஜப்பானின் சிபா ஆய்வாளர்கள் சிறுவர்களைத் தாக்கும் நரம்புப் புற்றுநோய்க்காக முப்பது இலட்சம் சேர்மங்களைச் சலித்து, நம்பிக்கை தரும் ஏழைப் பிரித்தெடுத்தார்கள். ஏழு சேர்மம் என்றால் ஏழு மருந்து அல்ல. ஆனால் முப்பது இலட்சத்தையும் சோதனைக் குழாயில் ஊற்றிப் பார்க்க ஒருவரின் ஆயுள் போதாது.

நமக்கு இன்னும் நெருங்கிய விடயம் டெங்கு. 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த ஆண்டு மார்ச்சில் கிண்ணியா பட்ட பாட்டைக் கிழக்கு மாகாணம் மறந்திருக்காது. டெங்கு வைரஸ் பெருக, தன் நீண்ட புரதத்தைத் துண்டு துண்டாக வெட்ட வேண்டும். அதை வெட்டும் நொதியத்தைத் தடுக்கும் சேர்மத்தைத் தேடி, டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவக் கிளை 2007இல் உலக சமூக கிரிட்டில் ஒரு திட்டம் தொடங்கியது. அந்தக் கணக்குகளைச் செய்தவை வீட்டுக் கணினிகள்தான். மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. டெங்கு வைரசைக் கொல்லும் மருந்து இன்றுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். இலங்கையிலிருந்து மலேரியாவை ஒழித்தது கணினியா? இல்லை. வீடு வீடாக மருந்து தெளித்தவர்களும், இரத்தம் எடுத்துச் சோதித்தவர்களும்தான் ஒழித்தார்கள். 2012 ஒக்டோபருக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் உள்நாட்டில் தொற்றிய மலேரியா இருக்கவில்லை. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. ஆனால் அவர்கள் கையில் மலேரியாவைக் குணப்படுத்தும் மாத்திரை இருந்தது. டெங்குவுக்கு அப்படி ஒன்று இல்லை என்பதுதான் வித்தியாசம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வந்து நுளம்பு பெருகும் வாளியைக் கவிழ்ப்பதும் தேவை, மருந்து தேடுவதும் தேவை.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். புரதத்தின் வடிவத்தைச் சொல்வதில் ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு கெட்டிதான். 2024இல் அதை உருவாக்கியவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் வடிவம் தெரிந்த புரதம் எப்படி அசைகிறது, எந்த நேரத்தில் அதில் ஒரு குழி திறக்கிறது என்பது வேறு கேள்வி. அதற்கு இன்னும் நெடுநேரக் கணக்கு வேண்டியிருக்கிறது.

எனக்குப் பெரிதாகப் படும் ஆட்சேபம் மின்சாரம். 'மிச்ச சக்தி' என்று சொன்னாலும் அது இலவசமல்ல. சும்மா இருக்கும் மேசைக்கணினி முழுமூச்சாக வேலை செய்யத் தொடங்கினால் 60 வாட் கூடுதலாக இழுக்கும் என்று வையுங்கள். நாளுக்கு 8 மணித்தியாலம் என்றால் மாதத்துக்குச் சுமார் 15 அலகு. பிள்ளைகள் கேம் விளையாடும் கிராபிக்ஸ் கார்ட் 200 வாட் இழுத்தால் 48 அலகு. நமது மின்பட்டியல் 60, 90, 120, 180 என்று படிகட்டி ஏறுவது. 80 அலகில் நிற்கும் குடும்பம் இந்தத் தர்மத்தால் 90ஐத் தாண்டினால், அலகின் விலையோடு நிலையான கட்டணமும் ஏறும். குளிரூட்டிய அறை என்றால் செலவு இன்னும் கூடும். கணினி கக்கும் சூட்டை வெளியேற்ற ஏசியும் உழைக்க வேண்டும். லெப்டொப் வைத்திருப்பவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். நம் ஊர் வெக்கையில் மணிக்கணக்காகச் சுட்டால் பற்றரி ஊதிவிடக்கூடும். பத்து வருடப் பழைய கணினியும் வேண்டாம். மின்சாரத்தைத் தின்னுமே தவிர வேலை நகராது.

ஆகவே கணினியின் மிச்ச சக்தியைக் கொடுக்க வேண்டியவர்கள் கூரையில் சோலார் பூட்டியவர்கள். 2025 சித்திரை விடுமுறையில் பகல் நேர மின்தேவை விழுந்துவிடும் என்று, கூரைச் சோலார்களைப் பிற்பகல் மூன்று மணி வரை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. நாட்டில் நண்பகல் மின்சாரம் மிஞ்சும் நாட்கள் உண்டு, இரவிலோ தேவை கூடுகிறது. காலை பத்திலிருந்து மூன்று மணி வரை மட்டும் கணக்குப் போடுமாறு மென்பொருளில் நேரம் வைக்க முடியும். மின்வலையமைப்புக்கு விற்றிருந்தால் வந்திருக்கும் காசு கொஞ்சம் குறையும். அதுதான் நீங்கள் கொடுக்கும் ஸதகா, தர்மம்.

பல்கலைக்கழக, பாடசாலைக் கணினிகளிலும் செய்யலாம், ஆனால் எழுத்தில் அனுமதி பெற்று. அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் அரச கல்லூரி ஒன்றின் கணினி நிர்வாகி, அனுமதியில்லாமல் இப்படியொரு மென்பொருளை ஏற்றியதற்காகக் குற்றவழக்கையே சந்தித்தார். அரச சொத்து அமானிதம், நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டது. மென்பொருளையும் அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். முடிவுகளை எல்லோருக்கும் திறந்து வெளியிடும் திட்டங்களையே தேர்ந்தெடுங்கள். கம்பனி ஒன்றின் இலாபத்துக்கு நாம் மின்கட்டணம் கட்டத் தேவையில்லை.

ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடங்களும், சோலார் உள்ள வீட்டாரும் இதைத் தொடங்கிப் பார்க்கலாம். சோலார் இல்லாத வீட்டார் இதற்காக இரவில் கணினியைப் போட்டுவைக்க வேண்டாம். அந்தப் பதினைந்து அலகின் காசுக்குக் கிணற்றடித் தொட்டிக்கு ஒரு வலைமூடி வாங்கிப் போடுங்கள். டெங்குவுக்கு எதிராக உங்கள் பங்கு அதுவே போதும்.