இரு கரையில் ஒரு குடும்பம்



நெய்வேலிக்காரன் என்றதும் "நிலக்கரி எப்படி இருக்கு?" என்பீர்கள். இன்று தீவைப் பற்றிப் பேசுகிறேன். டீசல் ஜெனரேட்டரையே பெரிதும் நம்பியிருந்த தெற்கு அந்தமானில், 2020-இல் என்.எல்.சி. 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தைப் பேட்டரியோடு அமைத்தது. மேகம் மறைத்தால் உற்பத்தி சட்டென்று விழும். அந்த இடைவெளியைப் பேட்டரி தாங்கும்.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். மனைவி அங்கே பள்ளி ஆசிரியை. நான் இங்கே அனல்மின் நிலையத்தில். போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. எங்கள் முகவரிதான் இன்னும் முழுசா மாறவில்லை. சென்னையிலிருந்து விமானம் இரண்டு மணி நேரம், கப்பல் ஏறக்குறைய மூன்று நாள். எனவே ஆளுக்கு விமானம், அண்டா குண்டாவுக்குக் கப்பல்! 2020-இல் கடலடிக் கேபிள் வந்ததால் தினமும் முகம் பார்த்துப் பேசுகிறோம்.

"ஒரேயடியா போயிடலாமே?" என்பார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்தால் அப்பா அம்மா எங்கே போவார்கள்? வட்டத்து வேப்பமரத்தை விட அவர்களுக்கு மனசில்லை. ஒரு மழைக்காலம் அங்கே இருந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள்.

தம்பி தங்கைகளே, வேலைக்காகப் பிரிந்திருப்பது தப்பில்லை. ஆனால் எதுவரைக்கும் என்று இருவரும் உட்கார்ந்து தேதி போடுங்கள். பேட்டரி இடைவெளியைத் தாங்கும். காலம் முழுக்க ஓட்டாது. மாற்றல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது நான் அந்தக் கரையில் இருப்பேன்.