குல்லாயைப் பிரிக்க மாட்டோம்



எனக்குப் பின்னால் தொங்குகிறதே எட்டு முழத் துணி, அதை நாங்கள் பதினொரு பெண்கள் சேர்ந்து தைத்தோம். கிழிந்த சேலை, தாத்தா கட்டிப் பழசான கைலி, எல்லாம் வெட்டிக் கோலம், மயில், குல்லாய், சைக்கிள் என்று ஒட்டுப்போட்டது. அந்தக் கைலியை மலாய்க்காரர்கள் காயின் பெலிகாட் என்கிறார்களே, அது நம் பழவேற்காட்டின் பெயர்!

இங்கே பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு கண்காட்சிக்கு எடுத்துப்போனோம். பார்த்தவர் சொன்னார்: "கோலம் அழகு. மயிலும் இருக்கட்டும். அந்தக் குல்லாயையும் சைக்கிளையும் மட்டும் பிரித்துவிடுங்கள். கைவேலையில் அரசியல் எதற்கு?"

எதற்கா? சொல்கிறேன்.

1941. மலாயாவின் கிள்ளான் ரப்பர் தோட்டங்கள். வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் நம் ஆள் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். கூலியோ சீனத் தொழிலாளி வாங்குவதைவிடக் குறைவு. தமிழ் நேசன் பத்திரிகையில் வேலை பார்த்த ஆர்.எச். நாதன் முன்னே நின்று சங்கம் கட்டினார். தோட்டத்து இளைஞர்களின் தலையில் காந்தி குல்லாய் ஏறியது.

அந்தக் குல்லாயைக் கிட்டே வந்து பாருங்கள். கொஞ்சம் வெள்ளைத் துணி, சில தையல். கழற்றி மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். அதைப் போட்டவன் துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்றான். இறங்காமல் போகும் உரிமையைக் கூலி உயர்வோடு சேர்த்துக் கோரிக்கையாகவே எழுதினான்! நாதனைப் பிடித்தார்கள். பட்டாளம் வந்தது, சுட்டது. நம் ஆட்கள் செத்தார்கள்.

இந்தக் குல்லாயைத்தான் பிரிக்கச் சொல்கிறார்கள்.

1943இல் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படை எழுந்தபோது, பால்மரம் வெட்டிய பெண்கள் சேலையை மடித்து வைத்துவிட்டுக் கால்சட்டை மாட்டிக்கொண்டு துப்பாக்கி பிடித்தார்கள். அந்தக் கால்சட்டை வெறும் துணியா? 2015இல், தூய்மையான தேர்தல் கேட்ட பேரணியின் பெயரை 'பெர்சே 4' என்று அச்சடித்த மஞ்சள் சட்டைக்கு மலேசிய உள்துறை அமைச்சு தடை போட்டது. ஆயுதத்துக்கு அல்ல, சட்டைக்கு! தடையை மீறி மஞ்சள் போட்டுக்கொண்டு சனம் தெருவில் இறங்கியது. துணியில் அரசியல் இருக்கிறது என்பது ஆள்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். நம்மிடம் மட்டும்தான் மயில் கேட்கிறார்கள்.

கைவேலை கலையாகாது என்று யாராவது சொன்னால், அவருக்கு இதே பினாங்கின் சுவா தியன் தெங்கைக் காட்டுங்கள். பாத்தேக் தொழிற்சாலை நடத்தி நொடித்துப் போனவர், அதே மெழுகையும் சாயத்தையும் கொண்டு ஓவியம் தீட்டினார். சரோங் துணி சுவருக்கு ஏறியது.

நாங்கள் ஒரு தையலையும் பிரிக்கப் போவதில்லை. கண்காட்சியில் இடமில்லையா, இந்தத் தெரு இருக்கிறது. இடது ஓரத்தில் ஒன்றரை முழம் காலியாக விட்டிருக்கிறோம், பாருங்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த குடும்பமா உங்களுடையது? அம்மாவின் சேலையிலோ அப்பாவின் சட்டையிலோ ஒரு துண்டு கொண்டுவாருங்கள். ஊசியும் நூலும் மேடைக்குக் கீழே, மேசைமேல் இருக்கின்றன.