செய்தியும் உயிரும்



ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்று எழுதும் நிருபர், அதே மனநிலையில் உழலும் இன்னொருவரும் அச்செய்தியைப் படிக்கக்கூடும் என்று எண்ணுவது அரிது. அவ்வாறு எண்ணத் தலைப்பட்ட ஒரு நகரத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

ஒஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் 1978ஆம் ஆண்டு சுரங்கப் புகையிரத சேவை தொடங்கியது. 1980களின் நடுப்பகுதியில் அங்கே தற்கொலைகள் பெருகின. பத்திரிகைகளோ அவற்றைப் பெரிய தலைப்புகளோடும் படங்களோடும் உணர்ச்சி ததும்ப வருணித்தன. (அவ்வருணனைகளை நான் இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை.) 1987இல் அந்நாட்டுத் தற்கொலைத் தடுப்புச் சங்கத்தார் பத்திரிகையாளரிடம் சில நெறிகளை முன்வைத்தனர். இறந்த முறையை விவரியாதீர், முதற்பக்கத்தில் இடாதீர், இதுவே காரணம் என ஒன்றை மட்டும் சுட்டாதீர், உதவி கிடைக்கும் இடத்தைத் தெரிவியுங்கள் என்பன அவற்றுட் சில. இவை சட்டமல்ல, வேண்டுகோளே. எனினும் பத்திரிகைகள் இணங்கின. அவ்வாண்டின் முதல் அரையாண்டோடு ஒப்பிட, பின் அரையாண்டில் சுரங்கப் புகையிரதத் தற்கொலைகளும் முயற்சிகளும் நூற்றுக்கு 80க்கு மேல் குறைந்தன.

அப்படியானால் வாய்மூடியிருப்பதே நன்றோ என்று கேட்பீர்கள். அன்று. 1791இல் மோட்சார்ட் இசையமைத்த 'மாயப் புல்லாங்குழல்' என்னும் இசைநாடகத்தில், காதலியை இழந்தேன் என்று நம்பிய பப்பகேனோ என்னும் பறவை பிடிப்பவன் சாகத் துணிகின்றான். மூன்று சிறுவர்கள் தோன்றி, அவனிடமுள்ள மாயமணிகளை நினைவூட்டுகின்றனர். அவன் பிழைக்கின்றான். சாக எண்ணியும் துன்பத்தைக் கடந்து வாழ்ந்தவர்களைப் பற்றிய செய்திகள் வெளிவந்தபின் தற்கொலைகள் குறைந்ததை 2010இல் வெளியிட்ட ஒஸ்திரிய ஆய்வாளர்கள், அதற்குப் பப்பகேனோவின் பெயரையே சூட்டினர். மீண்டவரின் கதைக்கு அத்துணை வலிமை உண்டு.

நம் நாட்டிலும் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் காலத்தில் "தோல்வியால் மாணவி தற்கொலை" என்றொரு தலைப்பு வருமாயின், அது முழு உண்மையாகாது. ஓர் உயிர் பிரிவதற்குப் பின்னே பல துன்பங்கள் பின்னிக் கிடக்கும். அதைவிடக் கொடுமை, தோற்ற ஏனைய பிள்ளைகளுக்கு அத்தலைப்பு ஒரு வழியைக் காட்டிவிடுவதாகும்.

இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்தைத் தொலைபேசியில் அழைத்து உதவி பெறலாம். இந்த ஒரு வரியைச் செய்தியின் கீழே அச்சிட எந்தப் பத்திரிகைக்கும் இடம் போதாமற் போகாது.