கைதட்டலின் நீதி



விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விளையாடுகிறவரைப் பற்றியே பேசுவர். நான் இன்று மைதானத்தின் விளிம்பில் அமர்ந்திருக்கும் பார்வையாளரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அவர் பந்தைத் தொடுவதில்லை. ஆயினும், அவருடைய கைதட்டலும் கூச்சலும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகிவிடுகின்றன. ஆட்டக்காரர் ஒருவர் பெரியதொரு சாதனையை நெருங்குகிறார். அவர் நேர்மையாக ஆடவில்லை என்ற குற்றச்சாட்டும் உடன் நிலவுகிறது. அந்நேரத்தில் பார்வையாளர் கைதட்டுவதா, கூச்சலிடுவதா, வாளாவிருப்பதா? இதுவே நம் முன்னுள்ள வினா.

களியக்காவிளையில் வாழும் நமக்கு இவ்வினா புதியதன்று. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே நம் ஊர் எல்லையாக நிற்கிறது. வாழைக்குலை ஏற்றி வரும் லாரி ஒன்றைச் சோதனைச் சாவடியில் நிறுத்துகின்றனர். குலைகளுக்கு அடியில் ரேஷன் அரிசி மறைந்திருக்கலாம் என்பது ஐயம். நிறுத்துவது குற்றமன்று, சோதிப்பதும் குற்றமன்று. அரிசி இருந்தால் பறிமுதல் செய்கின்றனர், இல்லையேல் வழிவிடுகின்றனர். சோதனை முடிந்து வழிவிடப்பட்ட லாரியின் பின்னால் ஓடி, ‘கள்ளன், கள்ளன்’ என்று எவரும் கூவுவதில்லை. சாலையில் நாம் காக்கும் இந்த நெறியை மைதானத்திலும் காக்கிறோமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

உலக விளையாட்டு வரலாற்றில் 2007 ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஆகஸ்டு 7 ஆம் நாள் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பேரி பாண்ட்ஸ் என்ற பேஸ்பால் ஆட்டக்காரர் தம் 756 ஆவது ‘ஹோம் ரன்’னை அடித்தார். பந்தை மைதானத்தின் வேலிக்கு அப்பால் அடித்து, நான்கு தளங்களையும் சுற்றி வருவதே ஹோம் ரன். அதற்கு முன் ஹாங்க் ஆரன் என்பவர் அடித்திருந்த 755 என்ற எண்ணிக்கையே உச்சமாக விளங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 3 ஆம் நாள் இலங்கையின் கண்டி நகரில், அந்நகரிலேயே பிறந்த தமிழரான முத்தையா முரளிதரன் தம் 709 ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி, ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்ன் நிறுவியிருந்த 708 என்ற எல்லையைக் கடந்தார். இருவரும் சொந்த ஊரில் வாழ்த்தொலி கேட்டனர். வெளியூரில் ஏளனக் கூச்சல் கேட்டனர். ஆயின், இருவர் நிலையும் ஒன்றா?

பாண்ட்ஸின் நிலையை முதலில் நோக்குவோம். உடல் வலிமையைச் செயற்கையாகப் பெருக்கும் மருந்துகளை அவர் பயன்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. தாம் அறிந்து அவற்றைப் பயன்படுத்தவில்லை என்று 2003 ஆம் ஆண்டில் அவர் சாட்சியம் அளித்தார். நீதிக்கு இடையூறு விளைவித்தார் என்று 2011 இல் அவருக்கு எதிராக வந்த தீர்ப்பு, 2015 இல் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது. ஆயினும் மக்கள் மனத்திலிருந்த ஐயம் நீங்கவில்லை. 756 ஆவது பந்தை ஆடை வடிவமைப்பாளர் ஒருவர் 7,52,467 டாலருக்கு வாங்கினார்; பொதுமக்களின் வாக்கைப் பெற்று, ஐயத்தின் அடையாளமான நட்சத்திரக் குறியை அதன்மீது பொறித்துக் காட்சியகத்துக்கு அனுப்பினார். அந்த ஆட்டத்தில் மருந்துச் சோதனையும் தண்டனையும் ஒழுங்காக நடைமுறைக்கு வந்தது 2004 ஆம் ஆண்டில்தான். சோதிக்க வேண்டிய காலத்தில் ஆட்டத்தை நடத்தியோர் சோதிக்கவில்லை. எனவே, குற்றமற்றவர் என்று பாண்ட்ஸை உறுதியாகச் சொல்லவும் இயலவில்லை. குற்றவாளி என்று முடித்துவிடவும் இயலவில்லை.

முரளிதரன் நிலை வேறு. பிறவியிலேயே அவருடைய வலக்கை முழங்கை முற்றும் நிமிராதது. பந்தை வீசும்போது மடங்கிய கையை நிமிர்த்தினால் அது எறிதல். கிரிக்கெட் விதிக்கு மாறானது. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்ன் மைதானத்தில் நடுவர் டாரல் ஹேர் அவருடைய பந்துகளை ஏழு முறை ‘நோ பால்’ என்று அறிவித்தார். 2004 இல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்டே அவரை எறிபவர் என்று குறிப்பிட்டார். அந்நாட்டு மைதானங்களில் அவர் பந்து வீசும்போதெல்லாம் பார்வையாளர் ‘நோ பால்’ என்று கூவுவது வழக்கமாயிற்று.

இவற்றுக்கு முரளிதரன் எவ்வாறு விடையளித்தார்? 1996 இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் தம் கையைச் சோதனைக்கு உட்படுத்தினார். 2004 இல் ‘தூஸ்ரா’ என்னும் புதிய வகைப் பந்தின்மேல் ஐயம் எழுந்தபோது மீண்டும் சோதனைக்கூடத்துக்குச் சென்றார். அப்பந்தில் கை 14 பாகை அளவு நிமிர்வதாகத் தெரிந்தது. சுழற்பந்து வீச்சாளருக்கு அப்போது இருந்த வரம்போ 5 பாகை. ஆதலின் அப்பந்தை வீசலாகாது என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அதே ஆண்டில், முழங்கை அசைய இயலாதபடி எஃகுக் கம்பிகள் பொருத்திய கட்டினை அணிந்து, படக்கருவியின் முன்னிலையில் பந்து வீசிக் காட்டினார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். 2005 இல் சர்வதேச கிரிக்கெட் அமைப்பு வரம்பை 15 பாகை என்று உயர்த்தியதே, அது முரளிதரனுக்காக வளைக்கப்பட்ட விதியன்றோ என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. விடை யாதெனில், நுட்பமான படக்கருவிகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, குற்றம் சாட்டப்படாத வீச்சாளர் பலருடைய கைகளும் பழைய வரம்பைக் கடந்து நிமிர்வது தெரியவந்தது. கண் பார்த்துச் சொன்ன தீர்ப்பு கருவியின் முன் நிலைபெறவில்லை. புதிய வரம்பு எல்லோருக்கும் பொதுவாயிற்று. 2006 இல் மீண்டும் சோதித்தபோது முரளிதரனின் பந்துகள் அவ்வரம்புக்குள் அடங்கின. 2014 இல் அதே விதியின்படி பாகிஸ்தானின் சயீத் அஜ்மலும், முரளிதரனின் நாட்டவரே ஆகிய சச்சித்ர சேனநாயக்கவும் பந்து வீசுவதினின்று தடுக்கப்பட்டனர். ஒருவருக்காக மட்டும் வளைந்த விதியாயின், அது பின்னர் அவர் நாட்டவரையே கட்டியிருக்குமா?

ஆயினும் சோதனைக்கூடத்தில் வீசிய கை, மைதானத்தின் பரபரப்பில் எவ்வாறு வீசிற்று என்பதை அன்று எவரும் அளந்திலர் என்று சிலர் சொல்லலாம். அவ்வையம் கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. ஐயம் உடையவர் கைதட்டாமல் இருக்கலாம்; எழுதலாம்; மேலும் சோதனை கேட்கலாம். ஆனால், சோதனைக்குத் தானே முன்வந்து, வீசலாகாது என்றபோது அடங்கிய ஒருவரைப் பந்துக்குப் பந்து இழித்துக் கூவுவது ஐயமன்று; அது தீர்ப்புக்கு முன்னரே வழங்கப்படும் தண்டனை.

கூச்சலுக்கு எப்போதும் நேர்மைதான் காரணம் என்று எண்ணிவிடவும் கூடாது. பாண்ட்ஸ் முறியடித்த எண்ணிக்கைக்கு உரியவரான ஹாங்க் ஆரன், 1974 ஏப்ரல் 8 அன்று தம் 715 ஆவது ஹோம் ரன்னை அடித்து, பேப் ரூத் என்ற வெள்ளையரின் சாதனையைக் கடந்தவர். அவர்மேல் மருந்துக் குற்றமும் இல்லை, எறிதல் குற்றமும் இல்லை. அவர் கறுப்பர் என்ற ஒன்றே காரணமாக வசைக் கடிதங்களும் கொலை மிரட்டல்களும் அவருக்கு வந்து குவிந்தன. வெறுப்பும் நேர்மையும் சில வேளைகளில் ஒரே குரலில் பேசும். எது எதனுடைய குரல் என்று பிரித்தறிவதே கல்வி கற்றவரின் கடமை.

பற்றும் அவ்வாறே கண்ணை மறைக்கும். ஷேன் வார்ன் 2003 இல் தடைசெய்யப்பட்ட பொருளை உட்கொண்டதாகச் சோதனையில் தெரிந்து, ஓராண்டு விலக்கப்பட்டார். தண்டனையை நிறைவேற்றித் திரும்பியவரைத் தம் நாட்டவர் வரவேற்றனர். அது தவறன்று; தண்டனை முடிந்தபின் கதவைத் திறப்பதும் நீதியே. ஆனால், தண்டனை பெற்றுத் திரும்பியவருக்குக் கைதட்டும் கை, சோதனையில் தேறிய அயலாருக்கும் தட்ட மனம் கொள்ள வேண்டாவா? இன்று இரு நாடுகளும் ஆடும் டெஸ்ட் தொடரின் கோப்பை வார்ன், முரளிதரன் ஆகிய இருவர் பெயரையும் தாங்கியிருக்கிறது.

நம்மை நோக்கியும் இக்கேள்வியைத் திருப்ப வேண்டும். தமிழர் என்பதற்காகவே முரளிதரனைப் போற்றியோர் நம்மில் பலர். 2020 இல் அவருடைய வாழ்க்கையைத் திரைப்படமாக்கும் செய்தி வந்தபோது, ஈழப் போர் குறித்து அவர் கூறிய கருத்துகளுக்காகத் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது. நடிகர் விஜய் சேதுபதி அப்படத்தினின்று விலகினார். அவர் கருத்தை ஏற்காதோர் அன்பை விலக்கிக்கொள்ளலாம், கண்டிக்கவும் செய்யலாம். போரில் உற்றாரை இழந்தோரின் துயரம் சிறியதன்று. ஆயினும், அவர் கருத்து பிடிக்காமையால் அவர் கை விதிக்கு மாறாக வளைந்தது என்று சொல்லிவிட முடியுமா? தமிழர் என்பதால் அவர் கை நேராகிவிடவும் இல்லை. கருத்துக்குக் கருத்தால் தீர்ப்பு. கைக்கு அளவுகோலால் தீர்ப்பு.

திருவள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரமே வகுத்து, அதில் துலாக்கோலை உவமையாகக் காட்டினார். வைத்த பொருள் யாருடையது என்று தராசின் நா கேட்பதில்லை. பார்வையாளரின் கையும் அத்தகைய நாவே.

ஆகவே மாணவ நண்பர்களே, அடுத்த முறை ஐயத்துக்குரிய ஒருவர் சாதனையை நெருங்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். குற்றச்சாட்டு ஒழுங்காகச் சோதிக்கப்பட்டதா? அவர் சோதனைக்கு உட்பட்டுத் தீர்ப்புக்கு அடங்கினாரா? அவர் நம்மவராக இருந்தால், அல்லது நம்மவராக இல்லாதிருந்தால், என் விடை மாறுமா? முதல் இரண்டுக்கும் ‘ஆம்’ என்றும் மூன்றாவதற்கு ‘இல்லை’ என்றும் விடை வந்தால் மனமாரக் கைதட்டுங்கள். பாண்ட்ஸின் கதையைப்போல் விடை தெளியாதபோது, திறமையை வியந்து, தீர்ப்பை ஒத்திவைத்து அமைதி காப்பதும் ஒரு பண்பே.

2010 ஜூலை 22 அன்று காலி மைதானத்தில், டெஸ்ட் ஆட்டத்தில் தாம் வீசிய கடைசிப் பந்தில் முரளிதரன் தம் 800 ஆவது விக்கெட்டைப் பெற்றார். எதிரணி நம் இந்தியா. ஆட்டமிழந்தவர் நம் பிரக்யான் ஓஜா. நம்மவர் வீழ்ந்த அந்தப் பந்துக்கும் கைதட்ட முடிந்த இந்தியர், கைதட்டலின் நீதியை அறிந்தவர்.