இசையும் இரைச்சலும்



தில்லியில் நமது நண்பர் ஒருவரின் மகன், கல்லூரி மாணவன், மின்சாரக் கிதாருக்கான ஓவர்டிரைவ் பெடல் ஒன்றைத் தன் கையாலேயே செய்தான். செங்கோட்டைக்கு எதிரேயுள்ள பழைய லாஜ்பத்ராய் மார்க்கெட்டில் உதிரிப் பாகங்களைத் தேடி வாங்கி, இரண்டு வாரம் இரவில் கண்விழித்து, ஈயம் வைத்து முடித்தான். குடியிருப்பில் நடக்கவிருந்த பொங்கல் விழாவில் அதைக்கொண்டு வாசிப்பதாகவும் சொல்லிவிட்டான். ஆனால் கால்விசையை மிதித்த மாத்திரத்தில், கிதார் ஒலிக்கு முன்பாக ஓர் உறுமல் எழுந்து அறையை நிறைத்தது. “மின்விசிறியின் சப்தத்தையா இவ்வளவு பணம் கொடுத்து வாங்கினாய்?” என்று தந்தையார் கேட்டார். பையன் பெடலைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டான்.

கலை படித்து, மொழிபெயர்ப்பு அலுவலில் இருக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மூலத்திலேயே உள்ள பிழை எது, நம் பெயர்ப்பில் நுழைந்த பிழை எது என்று பிரித்தறிவதே நமது அன்றாடத் தொழில். இரைச்சலின் காரணத்தைத் தேடுவதும் ஏறத்தாழ அத்தகைய காரியமே. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனோடு உட்கார்ந்தோம்.

முதலில் இந்தச் சாதனம் செய்வது யாது என்று தெரிந்துகொள்வோம். கிதாரின் தந்திகளுக்குக் கீழேயுள்ள கம்பிச்சுருளில் தோன்றும் மின்னலை மிகச் சிறியது. ஓவர்டிரைவ் பெடல் அதனைப் பன்மடங்கு பெருக்கி, அதன் உச்சிகளை டயோடுகளால் மழுக்கிவிடுகிறது. அந்த மழுக்கலே வாத்தியத்திற்குக் கரகரப்பான கனத்தைத் தருகிறது. பலரும் பார்த்துச் செய்யும் ‘டியூப் ஸ்க்ரீமர்’ வகைச் சுற்றில் இந்தப் பெருக்கம், திருகைக் குறைத்து வைத்தால் சுமார் 12 மடங்கு, முழுதும் திருப்பினால் சுமார் 118 மடங்கு. பெடலுக்கோ இசை இன்னது, இரைச்சல் இன்னது என்ற பேதம் தெரியாது. வாசலில் நுழையும் சிறு முணுமுணுப்பும் நூறு மடங்குக்கு மேல் வளர்ந்தே வெளிவரும். எனவே இரைச்சலைப் பிறக்குமிடத்தில் பிடிக்கவேண்டுமேயன்றி, பெருகிய பின் அடக்க முயல்வது வீண்.

அடுத்து, காதைக் கொண்டு ஆராயவேண்டும். தாழ்ந்த குரலில் இடைவிடாது எழும் உறுமல், வீட்டு மின்சாரத்தின் குரல். நமது நாட்டில் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. அடாப்டர் அதனை நேர்மின்சாரமாக மாற்றும்போது சரியாக வடிகட்டாவிட்டால் 100 அலைவுள்ள உறுமல் மிஞ்சும். மழை பெய்வது போன்ற சீறல், பாகங்களின் உள்ளேயே பிறப்பது. கொசுவின் ரீங்காரம் போன்ற கூர்மையான கீச்சொலி, மலிவான அடாப்டர்களிலிருந்து வருவதுண்டு. படபடவென்ற வெடிப்பு, பெரும்பாலும் ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பின் அறிகுறி.

பிறகு பரீட்சைகள். ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாறுதலைத்தான் செய்யவேண்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது பலித்தது என்று தெரியாது.

முதற் பரீட்சையாக, அடாப்டரைக் கழற்றிவிட்டு 9 வோல்ட் பாட்டரியைப் பொருத்தினோம். உறுமல் குறைந்ததே தவிர மறையவில்லை. அடாப்டருக்கும் இதில் பங்குண்டு, ஆனால் அது மாத்திரம் குற்றவாளியன்று என்பது தெளிவாயிற்று. அடாப்டரின் பங்கைத் தீர்க்க எளிய வழி உண்டு. மின்சாரம் நுழையுமிடத்தில் 100 ஓம் ரெஸிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்து, அதற்கப்பால் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைக் கிரவுண்டுக்கு இணைத்தால், 100 அலைவுள்ள உறுமல் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். செலவு சில ரூபாய்தான்.

இரண்டாவது, கிதாரின் ஒலித் திருகைப் பூச்சியத்திற்குக் குறைத்துப் பார்ப்பது. உறுமல் நின்றுவிட்டால் அது கிதாரின் கம்பிச்சுருளிலிருந்து வருவது. ஒற்றைச் சுருள் கொண்ட கிதார்கள் அறையிலுள்ள மின்காந்த அலைகளை ஆண்டெனாவைப் போல் வாங்கிக்கொள்ளும். வாசிப்பவர் சற்றுத் திரும்பி நின்றால் கூடுவதும் குறைவதும் காணலாம். இக்குறையைப் போக்கவே அமெரிக்காவில் கிப்ஸன் கம்பெனியைச் சேர்ந்த செத் லவர் என்பவர் 1955-ஆம் ஆண்டில், இரு சுருள்களை எதிரெதிராக அமைத்து உறுமலை ஒன்றையொன்று அழிக்கச் செய்யும் ‘ஹம்பக்கர்’ என்ற அமைப்பை உருவாக்கினார். நம் பையனுடைய கிதாரில் திருகைக் குறைத்தும் உறுமல் நின்றபாடில்லை.

மூன்றாவது, கிதாரையே நீக்கிவிட்டு, நுனியையும் உடலையும் ஒரு கம்பியால் இணைத்த பிளக் ஒன்றைப் பெடலின் வாயிலில் செருகினோம். இப்போது வெளியிலிருந்து எதுவும் உள்ளே வர வழியில்லை. அப்படியும் உறுமியது. ஆகவே வியாதி பெடலுக்குள்ளேயே இருந்தது.

மூடியைத் திறந்தோம். பையன் பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி ஒன்றில் சுற்றை அமைத்திருந்தான். கையை அருகே கொண்டுசென்றால் உறுமல் ஓங்கிற்று, விலக்கினால் தணிந்தது. கவசம் இல்லாத சுற்றுக்கு இதுவே அடையாளம். மூங்கில் குச்சியொன்றால் ஒவ்வோர் இணைப்பாக மெல்லத் தட்டினோம். (பென்சிலால் தட்டலாகாது. அதன் கரி மின்சாரத்தைக் கடத்தும்.) வாயில் ஜாக்கின் கிரவுண்டுக் கம்பியைத் தட்டியதும் ‘படபட’வென்று வெடித்தது. அங்கே ஈயம் பளபளப்பின்றி, உருண்டையாகத் திரண்டு ஒட்டாமல் நின்றது. உலோகப் பெட்டியானால் ஜாக்கின் உடல் பெட்டியின் மூலமாகவே கிரவுண்டைச் சேர்ந்துவிடும். பிளாஸ்டிக் பெட்டியில் அந்த ஒரு கம்பியே கதி. அதுவும் சரியாகப் பிடிக்காததால்தான் மூன்றாவது பரீட்சையிலும் பிளக்கினால் பயனில்லாமற் போயிற்று.

உலோகத்தை நன்றாகச் சூடாக்கிவிட்டு ஈயத்தைப் புதிதாக வைத்தான். சுற்று முழுவதையும் வீட்டிலிருந்த அலுமினிய டப்பா ஒன்றுக்கு மாற்றினான். அலுமினியத்தில் சாதாரண ஈயம் ஒட்டாது. ஆதலால் திருகாணி போட்டுக் கிரவுண்டுக் கம்பியைப் பிணைத்தான். வாயிலிலிருந்து செல்லும் கம்பியைக் குட்டையாக்கி, வெளிவாயிலின் கம்பியிலிருந்து விலக்கி வைத்தான். இவ்விரண்டும் நெருங்கியிருந்தால் பெருகிய ஒலி திரும்ப உள்ளே கசிந்து கூச்சலிடத் தொடங்கும். உறுமல் அடங்கிவிட்டது.

வேறு சில தொல்லைகளுக்கும் பரிகாரம் சொல்லிவிடுவோம். விசையை மிதிக்கும்போது ‘டப்’பென்று கேட்டால், வாயிலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 1 மெகா ஓம் ரெஸிஸ்டர் ஒன்று வைக்கலாம். பெடலில் வானொலி கேட்பதும் உண்டு. வானொலியில் பேசும் நாம் அதைக் குறை கூறலாகாது! எனினும் வாசிப்பவருக்கு அது வேண்டாத விருந்தாளிதான். வாயிலிலிருந்து கிரவுண்டுக்கு 100 பிகோஃபாரட் அளவுள்ள சிறு கெபாசிட்டர் ஒன்றை வைத்தால் பெரும்பாலும் விலகிவிடும்.

சீறலை மட்டும் அடியோடு ஒழிக்க இயலாது. சூட்டினால் எலெக்ட்ரான்கள் அலைவதே அதன் மூலம். அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச்சாலையில் ஜான்ஸன் இதனை அளந்ததையும் நைக்விஸ்ட் இதற்கு விளக்கம் தந்ததையும் 1928-இல் வெளியிட்டார்கள். பழைய கரி ரெஸிஸ்டர்களுக்குப் பதில் மெட்டல் ஃபிலிம் வகையைப் பயன்படுத்தினால் சீறல் குறையும். திருகைத் தேவைக்கு மேல் திருப்பாமலிருப்பது அதைவிடப் பயன் தரும்.

இனிச் சொல்லப்போவதே முக்கியமானது. நாம் போகுமுன் பையன் வேறொரு யோசனை செய்திருந்தான். ஆம்ப்ளிஃபயரின் பிளக்கிலுள்ள தடித்த எர்த் முளையை நீக்கினால் உறுமல் நின்றுவிடும் என்று யாரோ நண்பன் சொன்னானாம். உறுமல் சில வேளை நிற்கும், உயிரும் நிற்கக்கூடும். கிதாரின் தந்திகள் ஒயரின் மேலுறை வழியாக ஆம்ப்ளிஃபயரின் உலோக உடலோடு இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்ப்ளிஃபயரில் பழுது நேர்ந்தால் 230 வோல்ட் தந்திகளில் வந்து நிற்கும். பிரிட்டனில் ‘ஸ்டோன் த க்ரோஸ்’ என்ற குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972-ஆம் ஆண்டு மே மாதம் ஸ்வான்ஸி நகரில், சரியான எர்த் இல்லாத ஒலிவாங்கியை மேடையில் தொட்டு மின்சாரம் தாக்கி மாண்டார்.

வெளியூர்களில் வாடகை வீட்டில் வாழும் நம்மவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். சுவரில் மூன்று துளை இருப்பதனாலேயே மூன்றாவதில் எர்த் இருக்கிறதென்று கொள்ளலாகாது. உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்துச் சோதிக்கச் செய்யுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனத்தைப் பொருத்தச் சொல்லி வீட்டுக்காரரைக் கேளுங்கள். பெடலின் 9 வோல்ட்டில் பிள்ளைகள் தாராளமாகக் கை வைக்கட்டும். ஆம்ப்ளிஃபயரின் உட்புறத்தை மட்டும் திறக்க விடாதீர்கள்.

பொங்கலன்று பையன் வாசித்தான். மெல்லிய சீறல் இருந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த தந்தையார் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விழா முடிந்தபின் அந்த அலுமினிய டப்பாவை அவரே துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார்.